நான் இல்லாத நேரத்துச் சத்தம்

சனிக்கிழமை ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு
கட்டிலோரம் வைத்த செம்பில்
தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கும்.
பாட்டு காதுக்கு வருவதில்லை.
அதன் அடிவயிறு மட்டும் வரும்,
சுவர் வழியாக, கட்டில் கால் வழியாக,
பல்லுக்குள்.

சோமனூர்க்காரி நான்.
முப்பத்தாறு தறி ஓடிய கொட்டகைக்குப் பின்னறையில்
பிறந்த நாளிலிருந்து தூங்கியவள்.
கரண்ட் போனால்தான் எங்களுக்கு விழிப்பு வரும்.
இதைச் சொன்னால்
சங்கச் செயலாளர் சென்னியப்பன் சிரிக்கிறார்:
"அப்புறம் இதென்னுங்க பெரிய சத்தம்?"

அது எங்கள் சோறு ஓடிய சத்தம்,
இது யாரோ ஆடுகிற சத்தம்
என்று ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.
மாரியம்மன் நோம்பிக்கு
மூன்று நாள் குழாய் ரேடியோ கட்டியபோது
நீ மனு எழுதினாயா என்று
ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.
நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

மனு எழுதினேன். மூன்று.
அளவு காட்டும் செயலியைப் போனில் இறக்கி
எழுபத்தொன்று, எழுபத்து நான்கு என்று
தேதி போட்டுக் குறித்தேன்,
டயாலிசிஸ்காரர்களுக்கு பிரஷர் குறிப்பதுபோல.
ஞாயிறு என்றில்லை எனக்கு. ஆறு மணிக்கு முதல் ஷிப்ட்.
ஊசி இறங்கவேண்டிய இடம் ஒரு நெல் அகலம்.
தூங்காத கையை அந்த நரம்பு உடனே கண்டுகொள்ளும்.

ரோந்து வண்டி வரும், சத்தம் இறங்கும்.
வண்டி சத்தி ரோட்டில் திரும்பும், சத்தம் ஏறும்.
"நாப்பது பசங்க வேல பாக்கறாங்கம்மா" என்றார் ஏட்டு.
அவர் கண்ணிலும் தூக்கம் இல்லை.

போன சனிக்கிழமை
நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு
நானே இறங்கிப் போனேன்.
சென்ட்டும் சிக்கன் பொரிக்கும் எண்ணெயும் கலந்த காற்று.
மொட்டைமாடியில் சரவணம்பட்டிக் கம்பெனிப் பிள்ளைகள்.
வாரம் முழுக்க அமெரிக்காவின் பகலுக்கு உழைத்துவிட்டு
தங்களுக்கென்று ஒரு ராத்திரி தேடி வந்தவர்கள்.
கோபப்பட வசதியாக ஒருத்தரும் இல்லை.
செருப்பைக் கையில் பிடித்துப் படியில் உட்கார்ந்து
ஒருத்தி போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்:
"சாப்டேன்மா. ரூம்லதான் இருக்கேன்."

கார் நிறுத்தும் பையன் ஓடிவந்தான்.
மாதேசன். பர்கூர் மலை.
"மேனேஜரக் கூப்டட்டுங்களாக்கா?"
பிறகு என்னைக் கூர்ந்து பார்த்து,
"மூணாவது மாடிங்களா? நீல ஸ்க்ரீன்?
அந்த டைல்ஸ் வெட்டறது உங்க வீடுங்களா?"

எங்கள் காம்பவுண்டுக்கு அந்தப்பக்கம் அவன் அறை.
நாலு பேர். விடியக் கருக்கலில் படுப்பார்கள்.
ஒன்பதரைக்கு என் சமையலறையில்
மெஷின் ஆரம்பிக்கும்.
இருபத்திரண்டு நாளாக.
நான் அப்போது வார்டில்.
ஒருமுறைகூடக் கேட்டதில்லை
என் வீடு போடும் சத்தத்தை.

"எப்பிடி இருக்கும் கண்ணு?"
"பல்லுக்குள்ள வருங்க்கா."

ஒப்பந்தம் என்றெல்லாம் சொல்ல முடியாது.
பன்னிரண்டுக்கு மேல் வெட்டச் சொல்லியிருக்கிறேன்.
மேஸ்திரி ராசுக்குட்டி கூலி சேர்த்துக் கேட்கிறார்.
மாதேசன் யாரிடம் என்ன சொன்னானோ,
ஒரு ஸ்பீக்கரை ரோட்டுப்பக்கம் திருப்பிவிட்டார்கள்.
ரோட்டுக்கு அந்தப்பக்கம்
இந்நேரம் எவளோ எழுந்து உட்கார்ந்திருப்பாள்.
நாலாவது மனு பையில் இருக்கிறது.
கிழிக்கவில்லை. கொடுக்கவுமில்லை.

இன்றைக்கு மணி ஒன்று பத்து.
செம்பில் வட்டம் மெலிசாகத்தான் இருக்கிறது,
நிற்கவில்லை.
எடுத்துக் குடித்துவிட்டேன். இனிப் பார்க்க ஒன்றுமில்லை.
நாலரைக்கு அலாரம்.
அது எந்தெந்தச் சுவரைத் தாண்டிப் போகும் என்று
இத்தனை வருஷத்தில் யோசித்ததில்லை.
போனைத் தலையணைக்கு அடியில் திணித்தேன்.